அவசரக்கார வீட்டு விரால்

குரு என்றால் தாடி இருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் இந்தக் கதையை இங்கேயே மூடி வைத்துவிடலாம். இந்தக் குருவுக்கு முப்பத்துமூன்று வயது. பெயர் அழகுமீனாள். டவுனிலிருந்து தூண்டிலோடு வருகிறவர்களைத் தெர்மாகோல் தெப்பத்தில் ஏற்றி, மாவிலங்கைக் கண்மாயில் விரால் கிடக்கும் இடத்துக்குக் கூட்டிப் போவதுதான் வேலை. முழங்கால் வரை எப்போதும் சேறு இருக்கும்.

சீடருக்கு ஐம்பத்துநாலு வயது. பெயர் வெள்ளைக்கண்ணு. டவுன் பஸ்ஸில் கண்டக்டர். பத்து நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்து அவள் முன்னால் நின்றார்.

"தாயி, என்னைச் சீடனா ஏத்துக்க."

"தெப்பத்துல ஏறுங்கண்ணே. அது போதும்."

"எனக்கு மீன் மட்டும் போதாது. எங்க வீட்டுப் பேரு போகணும்."

"நான் தெப்பம்தான் தள்ளுவேன். பேரெல்லாம் தள்ளத் தெரியாது" என்றாள் அழகுமீனாள்.

அந்தப் பேரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

மாவிலங்கைப்பட்டியில் வைகாசிக் கடைசியில், கண்மாய்த் தண்ணீர் இடுப்புக்குக் கீழே இறங்கியதும், மீன்பிடித் திருவிழா நடக்கும். ஊர்த் தலைவரை இந்தப் பக்கத்தில் அம்பலம் என்பார்கள். அவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசியதும் சுற்றுப்பட்டு ஊர்களெல்லாம் வலையும் கூடையும் பழைய சேலையுமாகத் தண்ணீருக்குள் பாயும். ஒரு மணி நேரத்தில் கண்மாயில் மீன் என்று ஒன்று மிஞ்சாது.

அதனால் அதற்கு முந்தின நாள் ஒரு காரியம் நடந்தாக வேண்டும். ஒரு பெரிய விராலைத் தூண்டிலில் பிடித்து, காயம் படாமல் கோயில் குளத்தில் விட வேண்டும். அதுதான் விதை விரால். ஐப்பசி மழைக்குக் குளம் நிரம்பி வழியும்போது அதன் குஞ்சுகள் வாய்க்கால் வழியாகக் கண்மாய்க்குத் திரும்பும். இதற்கு வலை கூடாது. உயிருள்ள இரை கூடாது, பொய்த் தவளைதான். மீன் கழன்றுவிடாமல் இருக்கத் தூண்டில் முள்ளில் ஒரு சின்னக் காது இருக்கும். அதையும் அரத்தால் தேய்த்துவிட வேண்டும். ஏன் இத்தனை கட்டுப்பாடு என்று கேட்டால் ஊரில் ஏழு பேர் ஏழு காரணம் சொல்வார்கள். எட்டாவது ஆள் "அது அப்படித்தான்" என்பார். சூரியன் கிளம்பியதிலிருந்து கோயிலில் உச்சிப் பூசை மணி அடிக்கும் வரை நேரம். முறைக்காரர் வீடு முப்பத்திரண்டு. வருசத்துக்கு ஒரு வீடு.

முப்பத்திரண்டு வருசத்துக்கு முன்னால் முறை வெள்ளைக்கண்ணுவின் அப்பா மலையாண்டிக்கு வந்தது. அவர் கிணறு வெட்டுக்கு வெடி வைப்பவர். கரையில் நின்று துணித் தவளையை வீசினார். விரால் தண்ணீரைப் பிளந்துகொண்டு வந்து கவ்வியது. கவ்வியதைப் பார்த்த மாத்திரத்தில் மலையாண்டி வெடுக்கென்று இழுத்தார். தவளை விராலின் வாயைவிட்டுப் பறந்து வந்து, பின்னால் நின்ற அன்றைய அம்பலத்தின் தலைப்பாகை மேல் உட்கார்ந்துகொண்டது. ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. மலையாண்டியும் சிரித்தார். அதன்பிறகு சாகிற வரையில் அவர் கண்மாய்க் கரைக்குப் போகவில்லை.

அடுத்த வருசம் மழை சரியாகப் பெய்யவில்லை. திருவிழாவில் கெளுத்தி மீனும் ஜிலேபிக் கெண்டையும்தான் கிடைத்தன, விரால் இல்லை. கோயில் குளத்தில் பழைய விரால்கள் கிடந்தன என்பதையோ, வானம் பொய்த்தது என்பதையோ யாரும் பேசவில்லை. மலையாண்டியின் வீட்டுக்கு அவசரக்கார வீடு என்று பெயர் வைத்துவிட்டுக் கலைந்து போனார்கள்.

அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. தபால்காரர் அப்படித்தான் விசாரித்தார். வெள்ளைக்கண்ணுவுக்குப் பெண் கேட்டுப் போன இடத்தில் "எந்த வெள்ளைக்கண்ணு, அவசரக்கார வீடா?" என்றார்கள். பந்தியில் சீக்கிரம் எழுந்தாலும் சிரித்தார்கள், நிதானமாக எழுந்தாலும் சிரித்தார்கள். கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து பேசாமல் படுத்துக்கொள்வார். அவருக்கு அது வலித்தது. இருபத்திரண்டு வயதில் தொடங்கிய வலி.

இப்போது முறை அவருக்கு. இதை விட்டால் அடுத்த முறைக்கு அவர் இருக்கமாட்டார். பெயர் பேரப்பிள்ளைகளுக்குப் போகும்.

திங்கட்கிழமை அழகுமீனாள் அவரைத் தெப்பத்தில் ஏற்றினாள். மூங்கில் கழியை ஊன்றி ஊன்றி, கண்மாய்க்குள் நிற்கும் கருவேல மரங்களைத் தாண்டித் தாமரைக்கொடி மண்டிய இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"தண்ணி கொதிக்குதுண்ணே. இந்நேரம் விரால் எல்லாம் இலைக்கு அடியில நிழலுக்குக் கெடக்கும். இலை ஓரமா போடுங்க."

வெள்ளைக்கண்ணு ரப்பர் தவளையை வீசினார். முதல் வீச்சே சொன்ன இடத்தில் விழுந்தது. கூட்டத்துக்கு நடுவில் நின்றுகொண்டு கை நீட்டி டிக்கெட் கொடுத்துப் பழகிய கை அது. அழகுமீனாள் புருவத்தைத் தூக்கினாள்.

தவளை நாலு தத்துத் தத்தியது. தண்ணீர் டப்பென்று வெடித்தது. வெள்ளைக்கண்ணு இழுத்தார். தவளை பறந்து வந்து அவர் மார்பில் அடித்தது.

"எப்ப இழுக்கணும் தாயி?"

"இப்ப இல்ல" என்றாள் அழகுமீனாள்.

அன்றைக்கு ஐந்து விரால் கவ்வியது. ஐந்து தடவையும் தவளை பறந்தது. ஐந்து தடவையும் அவர் கேட்டார். ஐந்து தடவையும் அவள் அதே இரண்டு சொல்லைத்தான் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை வெள்ளைக்கண்ணு தயாராக வந்தார். டீக்கடையில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். விரால் கவ்வியதும் மனதுக்குள் மூன்று எண்ண வேண்டுமாம். முதல் விரால் கவ்வியது. உதடு துடிக்க எண்ணினார். மூன்றில் இழுத்தார். தூண்டில் நரம்பான தங்கூஸும் தவளையும்தான் வந்தன. விரால் ரப்பரை மென்று பார்த்துவிட்டு இரண்டிலேயே துப்பிவிட்டுப் போயிருந்தது. அடுத்ததுக்கு இரண்டு எண்ணினார். அது ஒன்றரையில் துப்பியது. அதற்கடுத்தது கவ்வவே நாலு எண்ணிக்கை எடுத்துக்கொண்டது.

"எண்ணித்தான் பார்த்தேன் தாயி. சரிப்பட்டு வரல."

"நீங்க எண்ணுறது மீனுக்குத் தெரியாதேண்ணே."

"அப்ப எப்ப இழுக்கணும்?"

அவள் கழியை ஊன்றித் தெப்பத்தை வேறு இடத்துக்குத் தள்ளினாள்.

புதன்கிழமை அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். பார்ப்பதால்தானே கை முந்துகிறது என்று துண்டை எடுத்துக் கண்ணைக் கட்டிக்கொண்டார். டப்பென்று சத்தம் கேட்டது. சத்தத்துக்கே இழுத்துவிட்டார். தவளை போய்க் கருவேல முள்ளில் மாட்டிக்கொண்டது. அதை எடுப்பதற்குள் அவள் கையெல்லாம் கீறல்.

"காதும் கண்ணு மாதிரித்தாண்ணே. அதுவும் முந்திக்கும்" என்றாள்.

மத்தியானம் கருவேல நிழலில் தெப்பத்தை நிறுத்திச் சோற்றுத் தூக்கைத் திறந்தார்கள். வெள்ளைக்கண்ணுவுக்குச் சோறு இறங்கவில்லை.

"ரத்தத்துல இருக்கு தாயி. எங்கப்பாவும் இப்படித்தான்."

"உங்கப்பாவை நான் பார்த்ததில்ல. எப்படி இருப்பாரு?"

"குட்டையா இருப்பாரு. பேச்சுக் கம்மி. வெடிக்குத் திரி வைப்பாரு. கிணத்துக்குள்ள எறங்கித் திரியைப் பத்த வச்சுட்டு, பொறி தெரிஞ்ச ஒடனே கயித்தைப் பிடிச்சு மேல ஏறிடணும். பத்திக்கிச்சா இல்லையான்னு நின்னு பார்த்தவன்லாம் ஊருக்குள்ள விரல் இல்லாம திரியிறான். எங்கப்பா நாப்பது வருசம் அந்த வேலை பார்த்தாரு. சாகும்போது பத்து விரலும் முழுசா இருந்துச்சு. குளிப்பாட்டினவங்களே ஆச்சரியப்பட்டாங்க."

"ம்" என்றாள் அழகுமீனாள். தன் தூக்கைக் கழுவினாள்.

"அதை விடு. எப்ப இழுக்கணும், அதைச் சொல்லு."

"சாப்பிடுங்கண்ணே."

வியாழக்கிழமை இருட்டுகிற வரை வீசினார். தோள் விட்டுப்போனது. ஒரே ஒரு விரால் கவ்வியது. பழையபடி தவளை பறந்தது. வெள்ளைக்கண்ணு தூண்டில் கம்பைத் தெப்பத்தில் போட்டுவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்தார்.

"நாளைக்கு ஒரு நாள்தான் இருக்கு" என்றார்.

"நாளைக்குத் தண்ணிக்கு வரவேணாம்ணே. டூட்டிக்குப் போங்க."

"லீவுல இருக்கேன் தாயி!"

"ஒரு நாள் லீவை ரத்துப் பண்ணுங்க. நானும் உங்க பஸ்ல வாரேன். டவுன்ல கொஞ்சம் வேலை இருக்கு."

வெள்ளைக்கண்ணுவுக்குக் கோபம் வந்தது. நாலு நாளாகக் கேட்டதற்குப் பதில் இல்லை. ஐந்தாவது நாள் டவுனுக்குக் கூட்டிப்போகச் சொல்கிறாள். இவளை நம்பி வந்தேனே என்று வீட்டில் போய்ப் பொருமினார். ஆனாலும் காலையில் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனார். சீடன் என்று வாய்விட்டுச் சொல்லியாயிற்று, அதற்கு மேல் என்ன செய்வது?

வெள்ளிக்கிழமை முழுக்க அழகுமீனாள் பஸ்ஸில் பின்படிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். டவுன் வந்தது. அவள் இறங்கவில்லை. பஸ் திரும்பியது. அவளும் திரும்பினாள். அப்படி ஆறு டிரிப். வறுத்த கடலையைத் தின்றுகொண்டே, வாயில் விசிலோடு நிற்கும் வெள்ளைக்கண்ணுவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசி டிரிப்பில், ஒரு நிறுத்தத்தில், இடுப்பில் பேரனையும் தலையில் கீரைக்கட்டையும் வைத்துக்கொண்டு ஒரு அம்மா ஓடிவந்து ஏறினாள். வெள்ளைக்கண்ணு அவள் பக்கம் திரும்பவே இல்லை. ஒரு கையைக் கம்பியில் வைத்தபடி முன்சீட்டுக்காரருக்கு டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தார். டிரைவர் ஹாரன் அடித்து அவசரப்படுத்தினார். யாரோ "போகலாம் ரைட்" என்றார்கள். விசில் வாயில் இருந்தது. அவர் ஊதவில்லை. பிறகு, எதுவும் நடக்காததுபோல, இரண்டு விசில் கொடுத்தார். பஸ் கிளம்பியது. அந்த அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு பத்திரமாக நின்றிருந்தாள்.

"பார்க்காமலே ஊதுனீங்களே" என்றாள் அழகுமீனாள்.

"எதைப் பார்க்கணும்?"

"ஏறிட்டாங்களான்னு."

"பார்த்தா ஏமாந்துருவோம். ஏறுற மாதிரி இருக்கும், கால் வழுக்கும். வண்டி சொல்லும் தாயி. கைய இந்தக் கம்பியில வச்சுக்கணும். படியில ஒரு கால் பட்டா வண்டி லேசா தொய்யும். அப்ப ஊதக் கூடாது. ரெண்டாவது காலும் வந்து, ஆள் கம்பியைப் பிடிச்சு, பாரம் முழுசா உள்ள வந்துருச்சுன்னா ஒரு இழுப்பு இழுக்கும். கைக்குத் தெரியும். அப்புறம்தான் ரெண்டு விசில்."

"எத்தனை வருசமா?"

"இருபத்தொம்போது. ஒருத்தர்கூட விழுந்ததில்ல." சொல்லும்போதே அவர் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது.

"நாளைக்கு அந்த விசிலைக் கொண்டாங்க" என்றாள் அழகுமீனாள். ஊர் வந்ததும் இறங்கிப் போய்விட்டாள்.

விசில் எதற்கு என்று வெள்ளைக்கண்ணு கேட்கவில்லை. அது எப்போதும் அவர் சட்டைப் பையில்தான் கிடக்கும்.

சனிக்கிழமை விடிந்தபோதே கரை நிறைந்துவிட்டது. மறுநாள் திருவிழாவுக்கு வந்தவர்கள் முந்தின நாளே வந்துவிட்டார்கள். அவசரக்கார வீட்டு முறை என்றால் சும்மாவா? இப்போதைய அம்பலம், தலைப்பாகையில் தவளை உட்கார்ந்தவரின் மகன். அவர் தன் தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வேப்பமரத்துக்குப் பின்னால் போய் நின்றார். அதற்கே ஊர் ஒரு தடவை சிரித்து முடித்தது.

தெப்பத்தைத் தள்ள ஒரு ஆள் இருக்கலாம், தூண்டிலைத் தொடக் கூடாது. அதுதான் விதி. அழகுமீனாள் கழியைப் பிடித்தாள். வெள்ளைக்கண்ணு கம்பைப் பிடித்தார்.

ஏழு மணிக்கு முதல் விரால் கவ்வியது. தவளை பறந்தது. கரையில் ஒருவன் "அப்பனுக்குப் பிள்ளை தப்பாம பொறந்திருக்கான்!" என்று கத்தினான். சிரிப்பு கண்மாய்த் தண்ணீர் மேல் உருண்டு வந்து தெப்பத்தில் மோதியது.

எட்டரைக்கு இன்னொன்று. அதற்கும் அப்படியே.

அதன்பிறகு ஒன்றும் கவ்வவில்லை. வெயில் ஏறியது. ஒன்பது, பத்து, பதினொன்று. தாமரை இலைகள் ஓரம் சுருண்டன. வெள்ளைக்கண்ணுவின் உதடு காய்ந்து வெடித்தது. கரையில் பாதிப் பேர் நிழலுக்குப் போய்விட்டார்கள். பூசாரி குளித்துவிட்டுக் கோயிலுக்குள் போவது தெரிந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் மணி அடித்துவிடுவார்.

"தாயி, கடைசியாக் கேக்குறேன். எப்ப இழுக்கணும்?" என்றார் வெள்ளைக்கண்ணு.

"விசில் எங்க?"

"எதுக்கு?"

"வாயில வைங்க."

"மீனுக்கா?"

"வைங்கண்ணே."

வெள்ளைக்கண்ணு சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்துப் பல்லில் கடித்துக்கொண்டார். கரையில் அதைப் பார்த்தவர்கள், மனுசனுக்கு வெயில் தலைக்கேறிவிட்டது என்று நினைத்தார்கள்.

அழகுமீனாள் தெப்பத்தை மெல்லத் திருப்பினாள். மடைக்குப் பக்கத்தில், அகலமான ஒரு இலைக் கூட்டத்துக்கு அடியில், சற்று முன்பு ஒரு பெரிய முகம் மூச்சு விட மேலே வந்து போனதை அவள் பார்த்திருந்தாள். அந்த இடத்தைக் கழியால் காட்டினாள்.

"பயணி ஏறட்டும்" என்றாள்.

தவளை இலை மேல் விழுந்தது. தத்தியது. விளிம்பிலிருந்து தண்ணீருக்குள் இறங்கியது.

தண்ணீர் வெடித்தது. இலைகள் புரண்டன. கரையில் இருந்த அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள். வெள்ளைக்கண்ணுவின் உடம்பு முன்னால் பாயப் பார்த்தது. ஆனால் வாயில் விசில் இருந்தது. விசில் வாயில் இருக்கும்போது அந்த உடம்புக்கு இருபத்தொன்பது வருசமாக ஒரே ஒரு வேலைதான் தெரியும். அது நின்றது.

தங்கூஸ் லேசாகத் தொய்ந்தது.

ஒரு கால்.

கரையில் "இழு! இழு!" என்று கத்தினார்கள். டிரைவர் அடிக்கும் ஹாரன் மாதிரிதான் அவர் காதில் விழுந்தது. அவர் தவளை போன இடத்தைப் பார்க்கக்கூட இல்லை. கம்பின் அடியில் கை இருந்தது.

தங்கூஸ் பக்கவாட்டில் நகர்ந்தது. நேரானது. பிறகு ஒரு பாரம், முழுசாக, உள்ளங்கைக்கு வந்து சேர்ந்தது.

ரெண்டு கால். கம்பியைப் பிடித்தாயிற்று.

பீப்! பீப்!

இரண்டு விசில் கண்மாய் முழுக்கக் கேட்டது. அதே நொடியில் கம்பு வானத்தைப் பார்த்து எழுந்தது. தவளை பறக்கவில்லை. கம்பு வில்லாக வளைந்து நின்றது.

அப்புறம் வேப்பமரத்துக்குப் பின்னாலிருந்து அம்பலம்தான் முதலில் கத்தினார்: "ரைட்! ரைட்!"

ஊரே பிடித்துக்கொண்டது. "ரைட்! போலாம் ரைட்! ரைட்!"

விரால் தாமரைத் தண்டுக்குள் புகுந்தது. காது தேய்த்த முள், தங்கூஸ் ஒரு கணம் தளர்ந்தாலும் கழன்றுவிடும். "விடாதீங்க, நிமித்தியே பிடிங்க" என்று சொல்லிக்கொண்டே அழகுமீனாள் கழியை ஊன்றித் தெப்பத்தை மீனிடமே கொண்டுபோனாள். வெள்ளைக்கண்ணு தங்கூஸைச் சுற்றிக்கொண்டே போனார். விரால் இரண்டு முறை எகிறி அவர் முகத்தில் சேற்றை அடித்தது. மூன்றாம் முறை எகிற அதற்குத் தெம்பில்லை. வெள்ளைக்கண்ணு தெப்பத்திலிருந்து குதித்து, இடுப்பளவு தண்ணீரில் நின்று, இரண்டு கையாலும் அதை அள்ளினார். கை நீளத்துக்கு ஒரு விரால். முள் தானாகக் கழன்று விழுந்தது. உதட்டில் ஒரு பொட்டுக் காயம்கூட இல்லை.

கோயில் மணி அப்போதுதான் அடித்தது.

தண்ணீர் நிரப்பிய அண்டாவில் விராலை விட்டு, நாலு பேர் தூக்க, ஊரே பின்னால் ஓடியது. அண்டாவுக்கு முன்னால் வெள்ளைக்கண்ணு விசில் ஊதிக்கொண்டே ஓடினார். வழிவிடச் சொல்லி ஊதினாரா, சும்மா ஊதினாரா, அவருக்கே தெரியாது. குளத்துப் படியில் அண்டாவைச் சாய்த்தார்கள். விரால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, பச்சைத் தண்ணீருக்குள் இறங்கிப் போனது. வெள்ளைக்கண்ணு படியிலேயே உட்கார்ந்து விம்மி விம்மி அழுதார். யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை, திருவிழா. கரை தெரியாத கூட்டம். விதை விரால் கொடுத்த வீட்டின் பெயரைச் சொல்லி அம்பலம் கூப்பிடுவார். அந்த வீட்டுக்காரர் முதலில் தண்ணீரில் கால் வைக்க வேண்டும். அதன்பிறகுதான் வெள்ளைத் துண்டு.

அம்பலம் தலைப்பாகையோடு வந்தார். வெள்ளைக்கண்ணுவைத் தனியே கூப்பிட்டார்.

"நேத்து ராத்திரி ஊர்ல பேசி முடிச்சுட்டோம் வெள்ளைக்கண்ணு. இனிமே உங்க வீட்டுக்கு விசில்கார வீடுன்னு பேரு. அப்படியே கூப்பிட்டுர்றேன். சம்மதம்தானே?"

முப்பத்திரண்டு வருசம் காத்திருந்த சொல் அது. "ஒரு நிமிசம் பொறுங்க" என்று சொல்லிவிட்டு, குருவிடம் சொல்ல ஓடினார்.

அழகுமீனாள் கரையோரம் தெப்பத்தைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"பேரு போயிருச்சு தாயி! ஊரே மாத்திருச்சு!"

"சந்தோசம்ணே."

"நாலு நாளா உங்கிட்ட கேட்டேன். பதில் என் கைக்குள்ளயே இருந்திருக்கு. ஒரு நாளும் நான் முந்தி ஊதினதில்ல. அவசரக்காரன் அவசரக்காரன்னு கேட்டுக் கேட்டு, அது எனக்கே மறந்துபோச்சு."

அவள் சிரித்தாள். முடிச்சை இறுக்கினாள்.

"ஒண்ணு மட்டும்தான் மனசுல நிக்குது" என்றார் வெள்ளைக்கண்ணு. "எங்கப்பாவும் அன்னைக்குக் கொஞ்சம் பொறுத்திருந்தா இந்தப் பேரே வந்திருக்காதுல்ல? அந்தக் கைக்குப் பொறுமைங்கிறதே தெரியாமப் போச்சே தாயி."

அழகுமீனாள் நிமிர்ந்தாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"உங்கப்பா போகும்போது எத்தனை விரல் இருந்துச்சுன்னு சொன்னீங்க?"

"பத்து."

"பொறுத்திருந்தா?"

வெள்ளைக்கண்ணு தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்தார். கிணற்றுக்குள் இறங்கிப் போய்விட்டு, ஒவ்வொரு சாயங்காலமும் முழு ஆளாக வீட்டுக்குத் திரும்பி வந்து, பத்து விரலாலும் சோறு பிசைந்து ஊட்டிய அப்பாவை அவர் மனசுக்குள் பார்த்தார்.

மேட்டிலிருந்து அம்பலம் கத்தினார்: "நேரமாச்சுப்பா! கூப்பிட்டுரவா?"

"கூப்பிடுங்க" என்றார் வெள்ளைக்கண்ணு. "ஆனா பேரை மாத்த வேணாம்."

"என்னது?"

"பழைய பேரையே கூப்பிடுங்க. நல்லாச் சத்தமா."

அம்பலத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. பின்னால் பத்து ஊர் நின்றது. தொண்டையைச் செருமிக்கொண்டு, கண்மாயின் அந்தக் கரை வரை கேட்கும்படி கூப்பிட்டார்:

"அவசரக்கார வீடு!"

வெள்ளைக்கண்ணு இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, பத்து விரலையும் விரித்து ஊருக்குக் காட்டியபடி, முதல் ஆளாகத் தண்ணீரில் இறங்கினார்.